வீட்டுச் சொல்லை அடைப்புக்குறிக்குள் பூட்டாதீர்கள்

புதிதாகக் கதை எழுதுகிறவர்கள் கைப்பிரதியைக் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள். ஒற்றுப்பிழையை யாரும் திருத்திவிடலாம், அதை விடுகிறேன். ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளே திரும்பத் திரும்ப வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விளக்கவுரை

அகராதியில் இல்லாத சொற்கள் எல்லா வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் டமாளி என்று ஒன்று உண்டு. அப்பாவுக்குக் கோபம் வந்தால் கதவை டமாலென்று சாத்துவார். தங்கை நான்கு வயதில் அவருக்கு வைத்த பெயர் அது. உழைப்பாளி, அறிவாளி மாதிரி டமாளி; யாரும் சொல்லித்தராமலே விகுதியைச் சரியாகச் சேர்த்திருந்தாள். நாளடைவில் அந்தக் கோபத்துக்கே அது பெயரானது: “உள்ளே போகாதே, டமாளி வந்திருக்கு.”

அப்பா போன பிறகு அதைக் கதையாக எழுதினேன். முதல் பத்தியிலேயே “டமாளி (கோபக்காரர்)” என்று போட்டுவிட்டேன். முடிவில், சாத்திய அறைக்கு முன்னால் நின்று தங்கை, “டமாளி இனிமே வராதுல்ல?” என்பாள். அந்த ஒரு வரிக்காகத்தான் கதையே. படித்த தோழிக்கு அது உறைக்கவே இல்லை. கேட்டதற்கு, “அதான் முதல்லயே சொல்லிட்டியே” என்றாள். கதை அச்சேறிவிட்டது, இனி மாற்ற வழியில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை.

முதல் தடவை அந்தச் சொல் கதவுச் சத்தத்தோடு வரட்டும். அடுத்த தடவை சத்தமில்லாமல், யாரோ ஒருவரின் முகம் இறுகும்போது வரட்டும். மூன்றாம் தடவை அதுவே தனியாக நின்றுகொள்ளும்.

மேற்கோள் குறியும் வேண்டாம். ‘டமாளி’க்கு, ‘டமாளி’யை என்று எழுதினால் உருபு வெளியே தொங்குகிறது, வீட்டில் பிறந்த சொல் விருந்தாளியாகிவிடுகிறது. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர் கதை சொல்கிறார் என்றால் ஒரே ஒரு முறை போடலாம்.

புள்ளி வரிசை

“அம்மா..........” வேண்டாம். நீட்டிக் கூப்பிட உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்ளத் தொல்காப்பியமே வழி சொல்கிறது: “அம்மாஆ!”

“வந்துட்டாரோ?!”

ஓகாரமே ஐயத்தைச் சுமக்கிறது. ஆச்சரியக்குறி எதற்கு?

தானும் நானும்

“தான் வரப்போவதில்லை” என்றாள் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘தான்’ வந்தால் அது கதைசொல்லியின் குரல், மேற்கோள் குறி கூடாது. “நான் வரல” என்றாள்: இங்கே போடுங்கள்.