கணக்கு வரலையா, மொதல்ல பின்னத்த செக் பண்ணுங்க

எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அல்ஜீப்ரா ஏறலன்னு ட்யூஷன் சேர்க்குறதுக்கு முன்னாடி 1/2 + 1/3 எவ்ளோன்னு கேட்டுப் பாருங்க, நிறைய பிள்ளைங்க மேல இருக்கறத கூட்டி, கீழ இருக்கறத கூட்டி 2/5-ன்னு எழுதும். திட்டாதீங்க ப்ளீஸ். "2/5 அரைய விட பெருசா சின்னதா?"ன்னு மட்டும் கேளுங்க. 5-ல பாதி ரெண்டரை, அப்போ 2/5 அரைக்கும் கம்மி, அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படி கம்மியாகும்னு அதுவே யோசிக்கும், யோசிக்க டைம் குடுங்க.

அடுத்து ஒரு பேப்பர நீளவாக்குல ரெண்டா, குறுக்க மூணா மடிச்சு பிரிங்க. 6 கட்டம் வரும். பாதின்னா 3 கட்டம், மூணுல ஒண்ணுன்னா 2 கட்டம், ஆக 5/6. எல்சிஎம் (கீழ இருக்கற 2, 3 ரெண்டாலயும் மீதியில்லாம வகுபடுற சின்ன நம்பர், இங்க 6) எதுக்கு எடுக்குறோம்னு இப்பதான் புரியும், வெறும் ஸ்டெப்பா மனப்பாடம் பண்ணா பரீட்சை முடிஞ்சதும் போயிடும்.

கணக்குல ஒரு வருஷப் பாடம் விட்டுப்போனா அடுத்த வருஷம் அது மேலயே தான் கட்டுவாங்க, சிலபஸ் யாருக்காகவும் நிக்காது. அதனால ஆறாவது, அஞ்சாவது புக்குன்னு பின்னாடி போய், எங்க தடுமாறுதோ அங்க இருந்து தினம் கொஞ்ச நேரம் போட வைங்க. வாய்ப்பாடு தடுமாறுனா மொதல்ல அது.

"நம்ம குடும்பத்துக்கே கணக்கு வராது"ன்னு பிள்ளை முன்னாடி தயவுசெஞ்சு சொல்லாதீங்க, அத கேட்ட பிள்ளை முயற்சியே பண்ணாது. தப்பு விடைய அழிக்கவும் விடாதீங்க, எப்படி வந்துச்சுன்னு அது வாயாலயே சொல்லச் சொல்லுங்க.