ஏவுகணை நீர்மூழ்கிகளின் உதிரிபாகச் செய்திகளை வாசிக்கும் முறை

அணு ஆற்றலால் இயங்கி பாலிஸ்டிக் ஏவுகணைகளைச் சுமக்கும் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றுக்கு உதிரிபாகம் வரத் தாமதம் என்று செய்தி வந்தால், அது எவ்வளவு கடுமையான செய்தி என்பதைக் கணிக்க இராணுவ ரகசியம் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் ஓஹையோ வகைக் கப்பல்களைப் பற்றி ஏராளமான விவரங்கள் வெளிவந்திருப்பதால், அவற்றை வைத்தே பார்ப்போம்.

முதலில் கப்பலின் நாட்கணக்கைப் பாருங்கள். இக்கப்பல் சராசரியாக 77 நாட்கள் கடலிலும், அதன்பின் 35 நாட்கள் பராமரிப்புக்காகத் துறையிலும் இருக்கும். நீலம், பொன் என்று பெயரிடப்பட்ட இரு பணிக்குழுக்கள் மாறிமாறிப் பொறுப்பேற்பதால், மாலுமிகளுக்குக் கிடைக்கும் ஓய்வு கப்பலுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே அந்தப் பாகத்தை 35 நாட்களுக்குள் மாற்ற முடியுமா என்பதே முதற்கேள்வி.

அடுத்து, பாகம் எந்த வழியாக உள்ளே போகும் என்று கேளுங்கள். நீர்மூழ்கியின் அழுத்தம் தாங்கும் உடற்கூட்டில் நினைத்த இடத்தில் வாயில் வைக்க முடியாது. வழியில்லாத இடத்தில் பெரிய இயந்திரம் ஒன்றை மாற்ற வேண்டுமானால், எஃகை வெட்டித் திறந்து, மீண்டும் பற்றவைத்து, அந்தப் பற்றவைப்பையும் சோதித்தாக வேண்டும். இதை முன்னரே எண்ணிய வடிவமைப்பாளர்கள், சரக்குகளையும் மாற்று இயந்திரப் பகுதிகளையும் இறக்குவதற்காகவே அகன்ற மூன்று திறப்புகளை ஓஹையோவில் அமைத்தார்கள். ஏவுகணைக் குழாய்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இந்தத் திறப்புகளை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பாகத்தோடு வரும் சான்றிதழ்களையும் கவனியுங்கள். 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் த்ரெஷர் என்ற தாக்குதல் நீர்மூழ்கி 129 பேருடன் மூழ்கியது. கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போனதே தொடக்கம் என்று விசாரணையில் கருதப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய சப்சேஃப் என்ற நீர்மூழ்கிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, கடல்நீரை வெளியே தடுத்து நிறுத்தும் பாகம் ஒவ்வொன்றும் எந்த உலோகத்தால் ஆனது, எந்தச் சோதனையில் தேறியது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்க வேண்டும். அந்த எழுத்தும் பொய்யாகலாம்: அமெரிக்காவின் டகோமா நகர வார்ப்பாலை ஒன்றில் நீர்மூழ்கிகளுக்கான எஃகு வார்ப்புகளின் சோதனை முடிவுகளைப் பல ஆண்டுகள் மாற்றி எழுதிய உலோகவியலாளர் ஒருவர் 2021இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எனவே பாகம் கையில் இருந்தும் பொருத்தவில்லை என்ற செய்தியைப் படித்தவுடன் அதை மெத்தனம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வேறொரு கப்பலிலிருந்து கழற்றி மாட்டியதாகச் சொன்னால், பழுது தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

புதிய கப்பல்களின் தாமதத்தையும் உதிரிபாகச் செய்தியாகவே வாசிக்க வேண்டும். 14 ஓஹையோ கப்பல்களுக்கு மாற்றாக 12 கொலம்பியா வகைக் கப்பல்கள் போதும் என்று கணக்கிட்டதற்குக் காரணம், அவற்றின் அணு உலைக்கு ஆயுள் முழுவதும் எரிபொருள் மாற்ற வேண்டியதில்லை, அதற்காக நெடுங்காலம் துறையில் நிற்கவும் வேண்டியதில்லை என்பதே. ஆனால் முதல் கொலம்பியா 12 முதல் 16 மாதங்கள் தாமதமாகும் என்று 2024இல் அமெரிக்கக் கடற்படை மதிப்பிட்டது. 30 ஆண்டுகளுக்கென்று கட்டப்பட்டு, ஏற்கெனவே 42 ஆண்டுகள் வரை ஆயுள் நீட்டப்பட்ட ஓஹையோ கப்பல்களில் சிலவற்றுக்கு, அதற்கு மேலும் ஓடுவதற்கான பாகங்களைத் தேட வேண்டிய நிலை அங்கிருந்துதான் வருகிறது.