கெர்கின் ஒப்பந்தச் சாகுபடி: கையெழுத்துப் போடுவதற்கு முன்

"விதை, உரம், மருந்து எல்லாம் நாங்க தர்றோம், காயையும் நாங்களே எடுத்துக்கிறோம்" என்று கெர்கின் கம்பெனி ஆள் ஒருவர் பைக்கில் வந்து சொல்லியிருப்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அதில் எது உதவி, எது கடன் என்று மட்டும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

கெர்கின் என்பது பிஞ்சிலேயே பறித்து, வினிகரிலோ உப்பு நீரிலோ போட்டுக் கப்பலேற்றும் குட்டி வெள்ளரி. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஆரம்பித்துத் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா வரை வந்துவிட்டது. 2022-ல் ஒன்றிய வணிக அமைச்சகம் சொன்ன கணக்குப்படி, சுமார் 90,000 சிறு, குறு விவசாயிகள் 65,000 ஏக்கரில் ஒப்பந்த முறையில் பயிரிடுகிறார்கள்.

படி 1: வேறு எங்கே விற்கலாம்?
எங்கேயும் முடியாது. கத்தரிக்காய் தேங்கினால் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றிவிடலாம். கெர்கினை யார் சாம்பாரில் போடுவார்கள்? ஆனால் ஆலையில் பணம் போட்டவருக்கும் தினமும் காய் வந்து இறங்கியாக வேண்டும். அதனால்தான் வீடு தேடி வருகிறார்கள். பேரம் பேச உங்களுக்கும் இடம் உண்டு, அது கையெழுத்து வரைக்கும்தான்.

படி 2: பிடித்தப் பட்டியல்
வாங்கு விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் இதைக் கேளுங்கள். விதை, உரம், மருந்து ஒவ்வொன்றுக்கும் என்ன விலை போட்டுக் காய்ப் பணத்தில் கழிப்பார்கள்? உரக்கடை விலையோடு ஒப்பிடுங்கள். பயிர் நோயில் போய்விட்டால் அந்தப் பாக்கி யார் தலையில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: தரம்
லாபமும் நட்டமும் இங்கேதான். அமைச்சகக் கணக்கில், ஏக்கருக்கு 90 நாளில் 4 டன், வரவு 80,000 ரூபாய், செலவு போக 40,000. அதாவது கிலோவுக்குச் சராசரி 20 ரூபாய். இந்தச் சராசரியை நம்பி இறங்காதீர்கள். கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்று எண்ணித்தான் தரம் பிரிப்பார்கள். 160-க்கு மேல் நின்றால் உச்ச விலை. காய் பருக்கப் பருக்க எடை கூடும், விலை இறங்கும். இன்று சுண்டுவிரல் அளவில் இருப்பதைப் பறிக்காமல் விட்டால் நாளை அடுத்த தரத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனி விலை ஒப்பந்தத்தில் இருக்கிறதா, மிகப் பெரிய காயை எடுப்பார்களா, தள்ளிவிடுவார்களா என்று பாருங்கள்.

படி 4: ஆள்
ஒரு மாதத்தில் பறிப்பு ஆரம்பித்துவிடும். அப்புறம் தினமும் பறிக்க வேண்டும், தீபாவளி அன்றும்தான். வீட்டு ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, முதல் போகத்துக்கு அரை ஏக்கரோடு நிறுத்துங்கள்.

படி 5: மருந்து
கம்பெனிக் களப்பணியாளர் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் அடிக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் காயில் மருந்தின் எச்சம் தெரிந்தால் சரக்கு அப்படியே நின்றுவிடும்.

படி 6: பதிவு
ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே தமிழ்நாட்டில் 2019-ல் தனிச்சட்டம் வந்தது. அதன்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம். உங்கள் கையிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

படி 7: எடைச் சீட்டு
கொள்முதல் மையத்தில் தரவாரியாக எடை போட்ட சீட்டை அன்றன்றே வாங்கி, நோட்டில் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்துக் கணக்கு முடிக்கும்போது மேசையில் அவர்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் உங்கள் நோட்டும் இருக்கும்.