திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு: வீடு மாறும்போது நாம் விடும் பிழைகள்

"கொழும்புக்கு லொறிக் கூலி எவ்வளவு போகுது?" வீடு மாற முடிவெடுத்தவர் வாயில் முதலில் வருகிற கேள்வி இதுதான். நானும் கேட்டேன். திருகோணமலை உவர்மலையிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குப் போய், மூன்றரை வருடம் இருந்துவிட்டு அதே சாமானோடு திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. இரண்டு தடவையும் செலவைக் கொப்பியில் எழுதி வைத்தேன். பெரிய தொகையிலிருந்து சின்னத் தொகைக்கு வரிசைப்படுத்திப் பார்த்தால் லொறிக் கூலி நாலாவது இடத்தில்தான் நின்றது. ஆனால் கிழமைக்கணக்காகப் பேரம் பேசியது அதற்கு மட்டும்தான்.

முதலிடத்தில் இருந்தது முற்பணம். இதில் விடுகிற பிழையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்குத் தெரிந்தவர்களும் இதில்தான் விழுகிறார்கள்.

மாத வாடகை 60,000 ரூபாய், ஆறு மாத முற்பணம் என்று வைத்துக்கொள்வோம். சாவி வாங்குகிற அன்றே 360,000 கையில் வேண்டும். அதோடு அந்த மாத வாடகை. தரகர் மூலம் போனால் அரை மாதமோ ஒரு மாதமோ அவருக்கு. "பரவாயில்லை, இங்கே ஊர் வீட்டுக்காரரிடம் என்ர முற்பணம் கிடக்குத்தானே" என்று மனம் உடனே கழித்துப் பார்க்கும். அங்கேதான் பிழை. அந்தக் காசு எப்போது வரும்? நீங்கள் வீட்டை வெறுமையாக்கி, சாவியைக் கொடுத்து, கடைசி மின்சார பில்லும் தண்ணீர் பில்லும் கட்டி, அவர் வந்து சுவரில் ஆணித் துவாரம் எண்ணிப் பார்த்த பிறகு. புது வீட்டுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், பழைய வீட்டிலிருந்து பின்னால்தான் வரும். குறைந்தது இரண்டு மூன்று கிழமை இடைவெளி விழும். எங்கள் பழைய வீட்டுக்காரர் "புது ஆள் வந்து காசு தந்ததும் தாறன்" என்றார். புது ஆள் வர இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதமும் மனைவியின் காப்புச் சோடி அடகில் இருந்தது. அந்த வட்டியும் வீடு மாறிய செலவுதான், ஆனால் அதை யாரும் அந்தக் கணக்கில் எழுதுவதில்லை.

ஆகவே திரும்பி வரவேண்டிய முற்பணத்தைத் திட்டத்தில் பூச்சியம் என்று போடுங்கள். வந்தால் கடனை அடைக்கலாம்.

புது முற்பணத்தைக் கொடுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது மாதாமாதம் வாடகையில் கழியுமா, அல்லது அப்படியே இருந்து கடைசியில் திரும்பி வருமா? இரண்டையும் "அட்வான்ஸ்" என்ற ஒரே சொல்லால்தான் சொல்வார்கள். பாதியை வாடகையில் கழிப்பதாக வாயால் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் அதை எழுதாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நொத்தாரிசு வாசிக்கும்போது அந்த வரி வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். தொடர்மாடி என்றால் பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள்ளா வெளியிலா என்பதையும், முன்னிருந்தவர் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் பாக்கி வைத்துவிட்டுப் போனாரா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். கடைசியாக வந்த பில்லை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் போதும்.

மார்கழி, மழை, இடமாற்றம்

நம் ஊருக்கு ஒரு விசேஷச் சிக்கல். அரச உத்தியோகத்தரின் வருடாந்த இடமாற்றம் வழக்கமாக ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வரும். பிள்ளைகளின் பாடசாலை வருடமும் ஜனவரியில். அதற்கு முந்திய மாதம் மார்கழி, வீடு குடிபுக மாட்டோம். அதோடு திருகோணமலைக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கைக் கொண்டுவருகிற வடகீழ்ப் பருவக்காற்று ஊற்றுவதும் இதே நாட்களில்தான். நாலும் ஒன்றாக வந்து விழுகிறபோது எல்லாரும் தை பிறந்த முதல் நல்ல நாளுக்கு ஓடுகிறார்கள். அந்த நாளில் லொறியும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது, கிடைத்தாலும் கேட்ட விலைதான்.

எங்கள் பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "பால் காய்ச்சியாச்செண்டால் அது குடிபூந்த வீடுதான் தம்பி. சாமான் எண்டைக்கு வந்தால் என்ன?" என்றார். அப்படியே செய்தோம். கார்த்திகையில் நல்ல நேரம் பார்த்து, ஒரு சட்டி, ஒரு காஸ் அடுப்பு, ஒரு சாமிப் படம், ஒரு பாய். இவ்வளவோடு இரவு ரயிலில் போய்ப் பால் காய்ச்சிவிட்டு மறுநாள் திரும்பினோம். லொறி பிறகு மழை விட்ட ஒரு புதன்கிழமை போனது. ஆனால் இதற்கும் விலை உண்டு: கார்த்திகையிலிருந்தே இரண்டு வீட்டு வாடகை ஓடும். தை நெரிசலில் கூடுதலாகக் கொடுப்பதையும் இந்த இரட்டை வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். எங்களுக்கு இரட்டை வாடகை கொஞ்சம் அதிகமாகத்தான் வந்தது. நான் வருந்தவில்லை, நனையாத மெத்தைக்காகக் கொடுத்தேன் என்று வைத்துக்கொண்டேன்.

மெத்தை என்றதும் ஒன்று. மழை மாதத்தில் மேல் திறந்த லொறி பேசுகிறவர்கள் தறப்பாளை நம்புகிறார்கள். தறப்பாள் மேலே இருக்கும், தண்ணீர் பக்கத்தால் வந்து அடித்தட்டில் தேங்கும். இலவம்பஞ்சு மெத்தை ஒருதரம் ஊறினால் தொடர்மாடி பால்கனியில் அதைக் காயவைக்க ஏலாது. மூடிய லொறியே பேசுங்கள். முடியாவிட்டால் அடியில் இரண்டு பலகைத் தட்டாவது போடச் சொல்லுங்கள். புத்தகப் பெட்டியை ஒருபோதும் அடித்தட்டில் வைக்க வேண்டாம்.

லொறியிடம் கேட்காமல் விடுவது

"எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று சாரதி சொல்கிற "எல்லாம்" என்பதற்குள் டீசல் இருக்கும், அவர் இருப்பார். ஏற்றுகிற ஆட்கள் இருக்கிறார்களா? இறக்குகிற நாட்டாமைமார்? உதவியாளரின் சாப்பாடு? கொழும்பில் இறக்கப் பிந்தினால் காத்திருப்புக் காசு? தொலைபேசியில் பேசியதை அப்படியே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, "சரியா அண்ணே?" என்று கேட்டு, அவர் "சரி" போட்டால் பாதித் தலையிடி தீர்ந்தது.

கொழும்பிலிருந்து கடைச் சாமான் கொண்டுவந்து வெறுமையாகத் திரும்புகிற லொறி மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சீனக்குடாப் பக்கம் மா ஆலையும் சீமெந்து ஆலையும் இருக்கிற ஊர் இது. இங்கிருந்து நல்ல சுமை கிடைத்தால் உங்கள் அலுமாரிக்காக எந்த லொறியும் காத்திராது. திகதியை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாதவர்கள் மட்டும் அதை நம்பலாம். நம்பினால், ஏற்றுவதற்கு முதல் ஒருமுறை உள்ளே ஏறி நின்று மூக்கால் பாருங்கள். சீமெந்துத் தூளைத் தட்டலாம். மீன் ஏற்றிய லொறியின் வாடையை மெத்தையிலிருந்து எடுக்க எனக்குத் தெரிந்த வழி எதுவும் இல்லை.

லொறியின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவது இன்னொரு பிழை. நாங்கள் செய்தது எளிது: முற்றத்தில் லொறித் தட்டின் அளவுக்கு, 14 அடிக்கு 6 அடி, கயிறு கட்டினோம். கட்டிலைக் கழற்றி, அலுமாரி, சோபா, பிரிட்ஜ் எல்லாவற்றின் நீள அகலத்தையும் அளந்து, அந்தக் கயிற்றுக்குள் பத்திரிகைத் தாளால் ஒவ்வொன்றுக்கும் இடம் விரித்தோம். ஒருவரியில் சொன்னால், தாள் கயிற்றுக்கு வெளியே போனது. இரண்டு சாமானைக் கொடுத்துவிட்டோம். ஏற்றுகிற அன்று விடிய இந்த முடிவை எடுத்திருந்தால் டிமோ பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றும் கூடப் பிடித்திருப்போம்.

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை குறுக்கே நிற்கும், அது சாரதிமாருக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது உங்கள் ஒழுங்கை. நான் வெள்ளவத்தை வீட்டை மூன்று தடவை போய்ப் பார்த்தவன். மூன்று தடவையும் முச்சக்கரவண்டியில் போனேன். லொறி காலை ஏழரைக்கு, அலுவலக நெரிசலின் உச்சியில், காலி வீதியில் வந்து நின்றபோதுதான் அது ஒழுங்கைக்குள் திரும்பாது என்று தெரிந்தது. சந்தியில் நிறுத்தி, சின்ன வாகனம் ஒன்று பிடித்து, ஐந்து நடையாக உள்ளே கொண்டுபோனோம். பின்னால் ஹோன் அடித்தவர்களின் முகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதன் பிறகு கட்டடக் காவலாளி சொன்னார், சாமான் ஏற்ற லிஃப்ட் பத்து மணிக்குப் பிறகுதானாம், நிர்வாகக் குழுவுக்கு முதல்நாளே சொல்லியிருக்க வேண்டுமாம். நாட்டாமைமார் மணிக்கணக்கில் இருந்தார்கள், காசும் மணிக்கணக்கில் போனது. இரும்பு அலுமாரியோ லிஃப்டுக்குள் போகவே இல்லை. நாலு மாடி, தோளில்.

அந்த அலுமாரியைக் கொண்டுபோனதே தப்பு. கடற்கரையூரில் பதினைந்து வருடம் நின்ற இரும்பு, கால் நாலும் உப்புக்காற்றில் உளுத்திருந்தது. பெயின்ட் அடித்திருந்ததால் தெரியவில்லை. மூன்றாம் மாடிப் படியில் ஒரு கால் கழன்றது. பழைய பிரிட்ஜுக்கும் இதே சோதனை தேவை: பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள், செதிள் செதிளாக வந்தால் ஊரிலேயே விற்றுவிடுங்கள். நல்ல பிரிட்ஜ் என்றால் நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தே ஆகவேண்டி வந்தால், போய் இறக்கியதும் பிளக்கைக் குத்தாமல் பல மணிநேரம் நிமிர்த்தி வைத்திருங்கள். காஸ் சிலிண்டரைச் சாமானோடு மூடிய லொறிக்குள் அடைக்க வேண்டாம். லிட்ரோவோ லாஃப்ஸோ, அதே நிறுவனத்தின் வெற்றுச் சிலிண்டரைக் கொடுத்தால் அங்கே நிறைத்தது எடுக்கலாம்.

வீடு கட்டவென்று சேர்த்த தேக்குப் பலகையையும் "இடமிருக்கே" என்று ஏற்றுகிறவர்கள் உண்டு. மரம் கொண்டுபோக வன இலாகாவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பாதி வழியில் மறித்தால் பலகையோடு லொறியும், லொறியோடு உங்கள் சட்டி பானையும் நிற்கும்.

காகிதங்கள்

லொறியில் ஏற்றவே கூடாதவை: காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, அம்மாவின் கிளினிக் புத்தகம். சீனி, பிரஷர் மருந்து ஒரு மாதத்துக்காவது கையில் இருக்கட்டும். புது ஆஸ்பத்திரியில் கிளினிக் பதிய இங்குள்ள டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையின் விடுகைப் பத்திரத்தை, புதுப் பாடசாலை இடம் தருவதாக எழுத்தில் சொன்ன பிறகு எடுப்பதே புத்தி.

வாக்காளர் இடாப்பில் பெயரை ஊரிலேயே விட்டுவைப்பது நம்மவர் பலருடைய பழக்கம். ஊர்ப்பாசம் என்று சொல்லலாம், அலட்சியம் என்றும் சொல்லலாம். சின்னப் பிள்ளை உள்ளவர்களுக்கு அது பின்னால் கடிக்கும். முதலாம் தரத்துக்கு வீட்டுக்கு அண்மைய பாடசாலை என்ற பிரிவில் விண்ணப்பிக்கும்போது, முந்திய ஐந்து வருட இடாப்பில் பெற்றோரின் பெயர் அந்த விலாசத்தில் இருந்ததா என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். போன முதல் மாதமே, இடாப்பில் பெயர் பதிய, புதுக் கிராம சேவகரைப் போய்ச் சந்தியுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்பார், கொண்டுபோங்கள்.

கடைசியாகப் பெட்டிகள். எங்கள் பெட்டிகள் எல்லாம் என்.சி. வீதிக் கடைகளில் வாங்கிய பிஸ்கட் பெட்டிகள், எல்லாவற்றிலும் ஒரே படம். 43 பெட்டி. "குசினி" என்று 11 பெட்டியில் எழுதியிருந்தேன். இரவு எட்டு மணிக்கு மகள் தேத்தண்ணி கேட்டாள். கேத்தல் எந்தக் குசினியில் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது ஒரு பெட்டியை மட்டும் கடைசியாக ஏற்றி முதலில் இறக்கினோம், நாலு பக்கமும் சிவப்பு மையால் கோடு போட்டு: கேத்தல், தேயிலை, சீனி, பால்மா, நாலு கோப்பை, ஒரு பல்ப், ஸ்க்ரூடிரைவர், நுளம்புவலை, அது கட்டக் கயிறு.