பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஓட்ட

24 பின் கனெக்டரில் உள்ள ஒரே பச்சை வயரை, பக்கத்துக் கறுப்பு வயரோடு இணைத்துவிட்டால் மதர்போர்டு இல்லாமலே சப்ளை ஆன் ஆகும். மஞ்சளில் 12 வோல்ட் பாசிட்டிவ், கறுப்பில் கிரவுண்டு. 12 வோல்ட் கிளாஸ் டி (அதிகம் சுடாத ஆம்ப் வகை) போர்டுக்கு இது தாராளம். 4 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்குச் சுமார் 15 வாட் வரும்.

பல பழைய சப்ளைகள் 5 வோல்ட் லைனைப் பார்த்தே மற்றதையும் சீராக்குகின்றன. அதில் லோடு இல்லாவிட்டால் பாஸ் அடிக்கும்போது 12 வோல்ட் தொய்யும், சில அணைந்தேவிடும். சிவப்புக்கும் (அதுதான் 5 வோல்ட்) கறுப்புக்கும் நடுவே 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். சுடும், பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டாம்.

ஆம்ப் போர்டுக்கு அருகே 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் போதும். அளவுக்கு மீறினால் ஸ்டார்ட் ஆகும்போதே சப்ளை ட்ரிப் ஆகும்.

இரட்டை சப்ளை (பிளஸ், மைனஸ் இரண்டும்) கேட்கும் ஆம்புக்கு இது ஆகாது. நீல வயரின் மைனஸ் 12 வோல்ட் பெரும்பாலும் ஒரு ஆம்பியர்கூடத் தாங்காது. பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் தேங்கியிருக்கலாம்.