பனம்பழம் விழுந்த பானட்டை நிமிர்த்த

திசையன்விளைப் பக்கம் பனை நிழலில் காரை நிறுத்தினால் இதுதான் கதி: பனம்பழம் விழுந்து பானட், அதாவது இன்ஜின் மூடி, குழிந்துவிடும். சரி, பெயிண்ட் வெடிக்கவில்லை என்றால் பட்டி பார்க்கவே, அதாவது குழியை நிரப்பிப் பூசவே, வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் குழிமேல் வளைந்து தெரிகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள். அந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துத்தான் வேலை. உள்பக்கமிருந்து முனை மழுங்கிய வளைகம்பியால், குழியின் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். அவசரப்பட்டு ஒரே அமுக்காக அமுக்கினால் மேடு எழும்பிவிடும். அப்புறம் அதைப் பிளாஸ்டிக் முளை வைத்து மெல்லத் தட்டி இறக்க வேண்டும்.

கம்பி நுழையாத இடத்தில் சூட்டுப்பசையால் பிளாஸ்டிக் வில்லை ஒட்டி இழுக்கலாம். மிச்சப் பசைக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஆனால் முன்பே பட்டி பார்த்த இடமென்றால் இழுக்கும்போது பெயிண்டும் சேர்ந்து உரியக்கூடும். வெந்நீர் ஊற்றுகிற வைத்தியமெல்லாம் பிளாஸ்டிக் பம்பருக்குத்தான், தகரத்துக்கு அல்ல.