இணையமே தொடாத லெப்டொப்பிலிருந்து பிட்கொயின் அனுப்புவது எப்படி?

மூன்று வருடமாகக் கை வைக்காத பிட்கொயினில் கொஞ்சத்தைப் போன மாதம் எடுக்க வேண்டி வந்தது. வெள்ளவத்தை வீட்டு அலுமாரிக்குள் கிடக்கும் பழைய லெப்டொப்தான் என் கோல்ட் ஸ்டோரேஜ் (இணையம் படாமல் பிட்கொயினைப் பத்திரப்படுத்தும் இடம்). வைஃபை கார்டைக் கழற்றிவிட்டேன்; காசை அனுப்பக் கையெழுத்திடும் இரகசியச் சாவியான பிரைவேட் கீ அதற்குள் மட்டும்தான் இருக்கிறது. நான் பாவிப்பது எலெக்ட்ரம் என்ற வொலட் (பிட்கொயின் பணப்பை) மென்பொருள். ஸ்பாரோ என்ற இன்னொரு வொலட் பார்வைக்கு அழகு, ஆனால் பழைய மெஷினில் எலெக்ட்ரம்தான் இழுபடாமல் ஓடுகிறது.

படி 1: ஒஃப்லைன் வொலட்டின் மாஸ்டர் பப்ளிக் கீயை (வொலட்டின் எல்லா முகவரிகளையும் காட்டும் பொதுச் சாவி) மட்டும் பென்டிரைவில் எடுத்து, தினமும் பாவிக்கும் கணினியில் புது வொலட்டாகத் திறவுங்கள். இது பார்க்க மட்டுமே. இதிலிருந்து யாரும் காசை எடுக்க முடியாது. உங்கள் முகவரிகள் எல்லாம் அம்பலமாகும் என்பதால் அதையும் கண்டவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

படி 2: அந்த ஒன்லைன் கணினியில் அனுப்பும் தொகையையும் கட்டணத்தையும் போட்டு, கையெழுத்தில்லாத பரிவர்த்தனையைக் கோப்பாகச் சேமித்து ஒஃப்லைன் லெப்டொப்பில் திறவுங்கள்.

படி 3: இங்கேதான் எனக்கு வியர்த்தது. என்னிடம் இருந்தது 0.15 பிட்கொயின், அனுப்பியது 0.02. திரையில் இரண்டு முகவரிகள். பெரிய தொகை நான் கண்டே இராத முகவரிக்குப் போகிறது! வைரஸ்தான் என்று நினைத்து லெப்டொப்பை மூடிவிட்டேன்.

விஷயம் இதுதான். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் அதைக் கிழித்தா டிக்கெட் தருவார்கள்? முழுத் தாளும் போய் மிச்சக் காசு வரும். பிட்கொயினும் அப்படித்தான்: 0.15 முழுவதும் செலவாகி, மிச்சம் உங்களுடைய இன்னொரு முகவரிக்குத் திரும்புகிறது. அது உங்களுடையதுதானா என்று ஒஃப்லைன் லெப்டொப்பிலேயே பாருங்கள். ஒன்லைன் கணினியின் பேச்சை நம்பாதீர்கள். எலெக்ட்ரம் மிச்ச முகவரியை மஞ்சள் நிறத்தில் காட்டும். மிச்ச முகவரிக்கு நிறமே இல்லையென்றால் கையெழுத்திட வேண்டாம். பெறுபவரின் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், கட்டணத்தையும் வடிவாகப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் கையெழுத்திடுங்கள். பிழைத்துப்போனால் முறையிட இடமில்லை. கிரிப்டோவுக்கு இங்கே எந்த ஒழுங்குமுறைப் பாதுகாப்பும் இல்லை என்று இலங்கை மத்திய வங்கி 2022 ஜூலையிலும் அறிவித்திருக்கிறது.

படி 4: கையெழுத்திட்ட கோப்பை ஒன்லைன் கணினிக்குக் கொண்டுவந்து அனுப்பிவிடுங்கள். அந்த நேரத்தில் "புதுப் பதிப்பை இறக்குங்கள்" என்று ஏதாவது வந்தால் தொடாதீர்கள். 2018 கடைசியில் மோசடி சேர்வர்கள் எலெக்ட்ரத்துக்குள்ளேயே இப்படிச் செய்தி காட்டி, போலி வொலட்டை இறக்கவைத்துப் பலருடைய காசை அள்ளின.

முதல் தடவை சின்னத் தொகையோடு செய்து பாருங்கள். நான் செய்யவில்லை, அதனால்தான் அந்த வியர்வை.

பின்சேர்க்கை: கையெழுத்துப் பொத்தான் மங்கிக் கிடக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வேறு வொலட்டின் 12 சொற்களை (வொலட்டை மீட்கும் இரகசியச் சொற்கள்) எலெக்ட்ரத்தில் போடும்போது "பிப் 39" (BIP39, அந்தச் சொற்களுக்கான பொது முறை) தெரிவை அமுக்கி, முகவரி வகையையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வகை மாறினால் வேறு முகவரிகள் வரும்; காசு இருக்கும் முகவரி அந்த வொலட்டுக்குத் தெரியாததால் கையெழுத்திட முடியாது. ஒஃப்லைனில் மீதி எப்போதும் பூச்சியம்தான் என்பதால் பிழை கண்ணில் படாது. முதல் முகவரியைப் பழைய கடதாசியில் எழுதி வைத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் 1 இல் தொடங்கும் பழைய வகையைத் தேர்ந்தெடுத்திருந்தார். மாற்றியதும் பொத்தான் உயிர்த்துவிட்டது.